“பிதாவே”னு கூப்பிட வாய் வரல – அப்பாவா இருக்குறவங்க கொஞ்சம் பேசுங்க

தேரிக்காட்டான் (இழை தொடங்கியவர்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் இங்க படிக்க மட்டும் செய்ற ஆளு, இன்னைக்கு எழுதியே தீரணும்னு உக்காந்துருக்கேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

போன ஞாயித்துக்கிழம எங்க சபையில ஃபாதர்ஸ் டே. ஆராதன முடியப்போற நேரத்துல ஐயர் (எங்க சபைப் போதகர்), அப்பாமார் எல்லாரும் முன்னால வந்து முழங்கால் போடுங்க, பிள்ளைங்க வந்து அவங்கவங்க அப்பா தலையில கை வச்சு ஜெபிக்கட்டும்னாரு. எம்பையனுக்கு ஒம்பது வயசு. வந்தான், கைய வச்சான், கை பட்டும் படாம இருக்கு. மெதுவா “இயேசப்பா, எங்க அப்பாவுக்கு கோவம் வராம பாத்துக்கங்க, ஆமென்”னான். அவ்வளவுதான் ஜெபம். பக்கத்துல இருந்தவங்களுக்கு கேட்டுச்சா இல்லையானு தெரியாது, நான் தலைய நிமித்தவே இல்ல.

நான் அடிக்கிற ஆள் கிடையாது. கத்துவேன். ஆபீஸ்ல இருந்து தாம்பரம் வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயிரும், வந்ததும் ஹோம்வொர்க் முடிக்கலன்னா ஒரு கத்து, தட்டுல சோறு மிச்சம் இருந்தா ஒரு கத்து. அப்புறம் எட்டர மணிக்கு குடும்ப ஜெபம், எல்லாம் சரியாயிருச்சுங்கற மாதிரி நானே பாட்டு எடுத்துக் குடுப்பேன்.

இத எங்க கத்துக்கிட்டேன்னா எங்க அப்பாகிட்ட. சாத்தான்குளம் பக்கம் எங்க ஊரு. அப்பா வாத்தியார், உபதேசியார் வராத வாரம் அவருதான் ஆராதன நடத்துவாரு, ஊருல அவ்வளவு மரியாத. வீட்டு உத்தரத்துல ஒரு புளிய விளாறு சொருகி இருக்கும். சாயங்காலம் அதுல வாங்குவோம், ராத்திரி அதே ஆளு முன்னால முழங்கால்ல நின்னு பைபிள்ல இருந்து சங்கீதம் 103 ஒப்பிக்கணும். “தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல”னு நான் விக்கி விக்கி சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, கெண்டக்கால் எரியும்.

இப்ப எனக்கு நாப்பத்திமூணு. சபையோட சேந்து “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” சொல்லிருவேன், கூட்டத்தோட கூட்டமா போயிரும். தனியா ஜெபிக்கும்போது ஆண்டவரே வரும், இயேசுவே வரும், பிதாவே மட்டும் வராது. கண்ண மூடுனா உத்தரம்தான் தெரியுது. எம்பையனும் இயேசப்பானுதான் கூப்பிட்டான், அத நான் கவனிச்சேன். அவனுக்கும் அந்த வார்த்த அடைச்சுப் போச்சோன்னு ஒரு பயம். இந்த மாதிரி வேற யாருக்காவது இருக்கா? இருந்து மாறியிருக்கா?

–

பாளை சாம்:

அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப எல்லாத்துக்கும் அப்பாவக் குத்தம் சொல்றது ஒரு ஃபேஷன் ஆயிருச்சு. “பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்”, நீதிமொழிகள் 13:24, இது நான் சொல்றதில்ல வேதம் சொல்றது. உங்க அப்பா விளாறு எடுக்கலன்னா நீங்க இன்னைக்கு தாம்பரத்துல ஆபீஸ் போயிருப்பீங்களா, தேரியில பதநீ எறக்கிட்டு இருந்திருப்பீங்களா? அடிக்கிற கைதான் அணைக்கும்.

–

சந்தேகத் தோமா:

அது இருக்கட்டும், ஃபாதர்ஸ் டே எப்பலேருந்து திருச்சபை பண்டிகை ஆச்சு? அமெரிக்காக்காரன் டை விக்க கண்டுபுடிச்சதுக்கு நம்ம ஐயர்மார் முழங்கால் போட வைக்கிறாங்க.

–

கொல்லம்பட்டறை:

தோமா, டை விக்கிறவன் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டான், ஆனா ஆரம்பிச்சது அவன் இல்ல. 1909-ல வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேன்ல சோனோரா டாட்னு ஒரு அம்மா கோயில்ல அன்னையர் தினப் பிரசங்கம் கேட்டுட்டு இருந்திருக்காங்க. அவங்க அம்மா பிரசவத்துல இறந்து போக, அப்பாதான் ஆறு பிள்ளைங்கள வளத்தவரு, சிவில் வார்ல சண்ட போட்ட ஆளு. அம்மாவுக்கு ஒரு நாள்னா எங்க அப்பாவுக்கு எங்கனு ஊர்ல உள்ள பாஸ்டர்மார்கிட்ட போய் கேட்டு, அடுத்த வருசம் ஜூன் 19 கொண்டாட வச்சாங்க. ஒரு மக அவங்க அப்பாவுக்காக கேட்டது அது.

தேரிக்காட்டான் அண்ணே, உங்க பையன் அவ்வளவு பேர் நடுவுல அப்படி ஜெபிச்சான்னா அவனுக்கு இன்னும் உங்கமேல நம்பிக்க இருக்குனு அர்த்தம். நம்பிக்க போன பிள்ள “அப்பாவ ஆசீர்வதியும்”னு நல்லா மனப்பாடமா சொல்லிட்டு போயிரும், நான் அப்படித்தான் செஞ்சேன்.

–

பழைய தமிழ் வாத்தி:

தம்பி, நான் முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல பிரம்போட திரிஞ்சவன், அதனால யோக்கியன் மாதிரி பேச வரல. ஆனா நாலஞ்சு வார்த்தைங்க பத்தி சொல்லணும்.

மொதல்ல சிட்சை. எபேசியர் 6:4-ல “பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக”னு வருது. நம்ம ஊரு காதுக்கு சிட்சைன்னா தண்டன. அது சிக்ஷாங்கற வடசொல்லு, வடக்க போனீங்கன்னா சிக்ஷான்னா படிப்பு, கல்வித்துறைக்கே அதுதான் பேரு. நமக்கும் மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுறவங்களுக்கும் அது அடியாப் போச்சு (மராட்டியிலயும் அப்படித்தான்னு கேள்வி). கிரேக்கத்துல அங்க இருக்குறது பைதேயா, பிள்ளைய ஆளாக்குற மொத்த வளர்ப்புக்கும் அந்தச் சொல்லுதான், கண்டிப்பும் அதுல ஒரு பங்கு. நாம அந்த ஒரு பங்க மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த விட்டுட்டோம். அதோட அந்த வசனம் ஆரம்பிக்கிறதே கோபப்படுத்தாதீங்கனுதான். சாம் தம்பி நீதிமொழிகள எடுத்தாரு, இத எடுக்கல. கொலோசெயர்ல இன்னும் வெளிப்படையா “உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி”னு காரணமும் போட்டுருக்கு. அந்தக் காலத்து ரோமச் சட்டப்படி குடும்பத் தலைவனுக்கு பிள்ளைங்க உசுரு மேலயே அதிகாரம் உண்டு, அப்பேர்ப்பட்ட ஊருல உக்காந்து பிள்ளைங்க மனசு உடையக்கூடாதுனு அப்பாமாருக்கு எழுதுறது சாதாரண விசயம் இல்ல.

அடுத்தது அப்பா. மூல பாஷையிலயும் அது “அப்பா”தான், இயேசு பேசுன அரமாயிக்குல. புதிய ஏற்பாட்டுல மூணே இடத்துல வருது, கெத்செமனேயில இயேசு ஜெபிக்கிற மாற்கு 14:36, அப்புறம் ரோமர் 8:15, கலாத்தியர் 4:6. இது கைக்குழந்த மழலைல சொல்ற வார்த்தன்னு ரொம்ப நாளா பிரசங்கத்துல ஓடிட்டு இருந்துச்சு. ஜேம்ஸ் பார்னு ஒரு அறிஞர் 1988-ல இது டாடி இல்லய்யா, வளந்த ஆம்பளைங்களும் அப்பன அப்படித்தான் கூப்பிட்டாங்கனு எழுதினாரு. வெள்ளக்காரனுக்கு அது குழப்பம். நமக்கு என்ன குழப்பம்? மூணு வயசுலயும் அப்பாதான், அறுவது வயசுல அவரு காலப் புடிச்சு விடும்போதும் அப்பாதான். சொந்தமும் இருக்கு மரியாதயும் இருக்கு. ரெண்டு பாஷையும் தற்செயலா ஒண்ணா விழுந்துருக்கு, உறவு ஒண்ணும் கிடையாது, ஆனா நமக்கு லாபம்தான.

ஆனா நாம என்ன பண்ணிட்டோம்? பிதாங்கற வடசொல்ல மேல தூக்கி வச்சிட்டு, அப்பாங்கற வீட்டுச் சொல்ல குமாரனுக்கு குடுத்துட்டோம். இயேசப்பா! குமாரனப் போயி அப்பான்னு கூப்பிடுறோம்னு ஒருநாளாவது யோசிச்சிருக்கமா? ஏசாயா 9:6-ல நித்தியபிதான்னு வருது, அதனால தப்புன்னு சொல்ல வரல. ஆனா வீட்டுல அப்பாகிட்ட நேரா கேக்க பயந்து அம்மாகிட்ட சொல்லி விடுவோம்ல, அந்தப் பழக்கத்த அப்படியே பரலோகத்துக்கும் கொண்டு போயிட்டமோனு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உங்களுக்கு மட்டும் வாய் வராம இல்ல தம்பி, நம்ம ஊரு ஜெபமே பாதி அப்படித்தான் இருக்கு.

–

கடலோர ஜோ:

வாத்தியார் ஐயா, எங்க பக்கம் (நாங்க தூத்துக்குடி ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கம்) இப்ப பிதாவே மாறி தந்தையே ஆயிருச்சு, “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே”. எங்க பாட்டி சாகுற வரைக்கும் பழையபடி பரமண்டலங்களிலேதான் சொல்லுச்சு, புதுசு அது வாய்க்கு ஏறல.

எங்களுக்கு அப்பான்னா சூசையப்பர், இயேசுவ வளத்த யோசேப்பு. பேருலயே அப்பர் இருக்கு பாத்தீங்களா. நாலு நற்செய்தியிலயும் அவரு பேசுன ஒரு வார்த்த கூட எழுதல. கனவு காண்றாரு, எந்திரிக்கிறாரு, போறாரு. பெத்லகேம்ல இருந்து எகிப்து, எகிப்துல இருந்து நாசரேத்து. பெறாத பிள்ளைக்காக நடந்த நடை. 2020 டிசம்பர் 8-லருந்து ஒரு வருசம் போப் பிரான்சிஸ் சூசையப்பர் ஆண்டுன்னு வச்சாரு, கொரோனா நேரம், எங்க அப்பா ஆக்சிஜன் வச்சு படுத்திருந்த நேரம். எங்க அப்பாவும் பேசாத ஆளுதான், போட்டு மெக்கானிக். நான் ஹாஸ்டல்ல படிக்கும்போது மாசம் ஒருதடவ வருவாரு, பொட்டலத்தக் குடுத்துட்டு கேட் பக்கத்துலயே பத்து நிமிசம் நிப்பாரு, “வரட்டா”ம்பாரு, போயிருவாரு. அது அன்புன்னு புரிய எனக்கு இருவது வருசம் ஆச்சு. தேம்பாவணி காப்பியத்துக்கு தலைவனே சூசையப்பர்தான், வீரமாமுனிவர் வளன்னு பேரு வச்சு 3615 பாட்டு எழுதிருக்காரு. வாயத் தொறக்காத மனுசனுக்கு!

–

சந்தேகத் தோமா:

ஜோ, சூசைக்கு மட்டுமா அப்பர் போட்டீங்க? பேதுருவுக்கு இராயப்பர், பவுலுக்கு சின்னப்பர், யோவானுக்கு அருளப்பர். பவுலு கல்யாணமே பண்ணல.

–

கடலோர ஜோ:

யோவ் தோமா 😂 சரிதான், வாபஸ். ஆனா சூசையப்பர் பாயிண்ட் நிக்குது.

–

பாளை சாம்:

வாத்தியார் ஐயா சொன்னத ரெண்டுதரம் படிச்சேன். ஆனா ஒண்ணு கேக்கேன், பிரம்புன்னா மேய்ப்பன் கோல், அடிக்க இல்ல வழிநடத்தனு சொல்றாங்கல்ல, சங்கீதம் 23-ல “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்”ல வர்ற அதே எபிரேய வார்த்ததான்னு. வார்த்த ஒண்ணுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா நீதிமொழிகள் 23:13-ல பிரம்பினால் அடித்தால் அவன் சாகான்னே இருக்கே, அங்க என்ன மேய்ப்பன் ஆட்டயா தடவிக் குடுக்கான்? வசனத்த மழுப்பக் கூடாது.

நான் ஏன் இதுல நிக்கேன்னா, எங்க அப்பா என்னைய ஒருநாளும் அடிச்சதில்ல. அடிக்க வீட்ல இருந்தாத்தான. சாராயக் கடைதான் அவருக்கு வீடு. நான் எட்டாங்கிளாஸ்ல மூணு மாசம் பள்ளிக்கூடம் போகாம சுத்துனேன், ஏன்ல போகலன்னு கேக்க ஆளு இல்ல. பக்கத்து வீட்டுப் பையன் அவன் அப்பாகிட்ட அடி வாங்கிட்டு அழுவான், எனக்கு அவன் மேல பொறாம. சத்தியமா சொல்லுதேன், பொறாம. தாவீது ராஜா அவரு மகன் அதோனியாவ “நீ இப்படிச் செய்வானேன்”னு ஒருக்காலும் கடிந்துகொள்ளலன்னு 1 இராஜாக்கள் 1:6-ல வருது, அந்த வசனத்த வாசிக்கும்போதெல்லாம் எனக்கு தொண்ட அடைக்கும். எபிரெயர் 12-ல சிட்சை கிடைக்காதவன் பிள்ளையே இல்லங்குற மாதிரி எழுதிருக்குல்ல, அது எனக்கு தியரி இல்ல.

அதனாலதான் தேரிக்காட்டான் அண்ணாச்சி அப்பாவ சொன்னதும் வேகமா பேசிட்டேன். அந்த பதநீ பேச்சு தேவையில்லாதது, மன்னிச்சிருங்க.

–

பழைய தமிழ் வாத்தி:

சாம் தம்பி, மழுப்பல. 23:13-ல அடிக்கிறதுதான் இருக்கு, நீங்க சொல்றது சரி. அதே எபிரெயர் 12-ல பத்தாவது வசனமும் பாருங்க, அப்பாமார் “தங்களுக்கு நலமென்று தோன்றினபடி” சிட்சிச்சாங்க, அவரோ நம்ம பிரயோஜனத்துக்காகனு ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கு. தோன்றினபடி! நான் வகுப்புல அடிச்சதுல முக்காவாசி எனக்குத் தோணுனபடிதான், காலையில வீட்ல சண்டன்னா அன்னைக்கு கூட நாலு அடி. தேவன் அடிக்கிற அப்பா மாதிரின்னு அந்த வசனத்த வாசிச்சே பழகிட்டோம், நம்ம அடி அவரு சிட்சை மாதிரி இல்லன்னு அதுலயே எழுதியிருக்குறத யாரும் படிக்கிறதில்ல.

உங்க அப்பாவ நெனச்சா சங்கடமா இருக்கு. கேக்க ஆளு இருந்திருக்கணும்.

–

மூத்த குமாரத்தி:

இவ்வளவு நேரம் ஆம்பளைங்க பேசுனீங்க, நான் கொஞ்சம் பேசுறேன். லூக்கா 15 (சொத்தப் பிரிச்சு வாங்கிட்டு ஓடிப்போன இளையகுமாரன் திரும்பி வர்ற கதை) வச்சு அப்பா அன்புன்னு ஐயர்மார் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்க வீட்ல இளையகுமாரன் அபுதாபியில இருக்கான். மூணு வருசத்துக்கு ஒருக்கா வருவான், வந்தா ஆட்டுக்கறி, நெய்மீனு, அப்பா சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு ஏர்போர்ட்டுக்கு கெளம்பிருவாரு. நான் நாகர்கோவில்லயே கெட்டிக் குடுத்தவ, தெனமும் ஸ்கூட்டில போயி அவருக்கு சுகர் பாத்து, இன்சுலின் போட்டு, டயாலிசிஸ் கூட்டிட்டு போறது நான். ஒருநாளு எனக்கொரு ஆட்டுக்குட்டி இல்ல.

ஆனா போன லெந்து காலத்துல (ஈஸ்டருக்கு முந்துன நோன்பு நாளு) ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அந்த அப்பா ரெண்டு தடவ வெளிய வர்றாரு. இளையவனுக்கு ஓடுறாரு, அது எல்லாருக்கும் தெரியும். மூத்தவன் கோவத்துல வாசல்ல நிக்கான், அப்பவும் “தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்”னு இருக்கு. விருந்த பாதியில விட்டுட்டு, விருந்தாளி முன்னால மானம் போகும்னு பாக்காம வந்து கெஞ்சுறாரு. ஓடுனத படமா வரையுறாங்க, கெஞ்சுனத யாரும் வரையுறதில்ல. இன்னொண்ணு, இளையவன் வர்ற வழியில ஒரு பேச்சு ரெடி பண்ணிட்டு வர்றான்ல, கூலிக்காரரில் ஒருவனாக வச்சுக்கங்கனு. அப்பாவக் கட்டிப்புடிச்ச பெறகு சொல்லும்போது அந்தக் கடைசி வரி இல்ல. அப்பா முடிக்க விடல போல. மூத்தவன் மட்டும் இத்தன வருசமா உமக்கு ஊழியஞ்செய்தேன்னு கணக்கு சொல்றான், வீட்டுக்குள்ளயே கூலிக்காரனாட்டு இருந்துருக்கான். நானும் அப்படித்தான் இருந்துருக்கேன்னு தோணுச்சு.

தோணுனதால எரிச்சல் போயிருச்சானா போகல. அந்தக் கதையில மூத்தவன் உள்ள போனானா இல்லயான்னும் எழுதல.

–

கொல்லம்பட்டறை:

அக்கா 🙏 அப்பாகிட்ட இத சொல்லிருக்கீங்களா?

–

மூத்த குமாரத்தி:

டயாலிசிஸ் மெஷின் பக்கத்துல வச்சு என்னத்த சொல்ல மக்கா. அவரு நான் உரிச்சுக் குடுத்த ஆரஞ்சுல பாதிய எனக்கே தருவாரு. பாப்போம்.

–

யாழ் பெடியன்:

நான் கனடா ஸ்காபரோவில இருந்து எழுதுறன், ஊர் மானிப்பாய். எல்லாரும் பிதா எண்டா அப்பான்ர முகம் வருது எண்டுறியள். எனக்கு முகமே இல்லை. 90-ல நான் ரெண்டு வயசு, அப்பா சாமான் வாங்கப் போனவர் திரும்பி வரேல்லை. ஒரு கல்யாணப் படம் இருந்தது, இடம்பெயர்ந்து திரிஞ்சதில அதுவும் துலைஞ்சு போச்சு. அம்மா ஒவ்வொரு இரவும் “திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன்” எண்ட சங்கீதம் 68-ஐத்தான் வாசிப்பா. அதால எனக்கு பிதாவே எண்டு கூப்பிடுறது லேசு, ஒப்பிட ஆள் இல்லை. கஷ்டம் வந்தது எனக்கு மகள் பிறந்தாப் பிறகுதான். அப்பா எண்டவர் வீட்டில என்ன செய்வார், எங்க இருப்பார், எப்பிடிக் கதைப்பார் எண்டு நான் பாத்ததே இல்லை. ஓசியா 11-ல கைபிடிச்சு நடக்கப் பழக்கினன் எண்டு கடவுள் சொல்லுறார், நான் அதைத்தான் பாத்துப் பழகினன். சிரிக்காதையுங்கோ, உண்மையாவே அந்த வசனத்தை வாசிச்சிட்டு அண்டைக்குப் பின்னேரம் பிள்ளையின்ர ரெண்டு கையையும் பிடிச்சுக் கொண்டு ஹோலுக்குள்ள நடந்தன்.

–

தத்து அப்பா:

தேரிக்காட்டான் பிரதர், ரோமர் 8:15 இந்த இழையில வந்ததால எழுதுறேன். “அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திர சுவிகாரத்தின் ஆவி”. புத்திர சுவிகாரம்னா தத்து. எங்க பொண்ணு எங்களுக்கு தத்து வந்தவ.

நம்ம ஆளுங்க பலபேருக்கு இது தெரியாது, 1956 தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு (பௌத்தர், சமணர், சீக்கியரும் அதுல வருவாங்க) மட்டும்தான். கிறிஸ்தவங்களுக்கு 1890-ல வெள்ளக்காரன் போட்ட கார்டியன் சட்டம்தான் கதின்னு ரொம்ப நாள் இருந்துச்சு, அதுல நீங்க அப்பா இல்ல, கார்டியன், பிள்ள மேஜர் ஆனதும் அந்த உறவு பேப்பர்ல முடிஞ்சு போயிரும். எங்க சித்தப்பா ஒருத்தர் அப்படி வளத்தவரு, சாகுற வரைக்கும் பள்ளிக்கூட சர்டிஃபிகேட்டுல அவரு பேருக்கு முன்னால கார்டியன்னுதான். சிறார் நீதிச் சட்டம் 2000-ல வந்து, அப்புறம் திருத்தி, 2015-ல புதுசா போட்டாங்க, அதுலதான் எந்த மதமா இருந்தாலும் தத்தெடுத்த பிள்ள எல்லா விதத்துலயும் அவங்களுக்குப் பொறந்த பிள்ளதான்னு தெளிவா இருக்கு.

எங்களுக்கு ரெண்டரை வருசம் காத்திருப்பு. தத்து குடுக்குறதுக்கு முன்னால வீட்ட விசாரிக்கிற ஹோம் ஸ்டடிக்கு வந்த அம்மா ஃப்ரிட்ஜ்கூட தொறந்து பாத்தாங்க, சம்பள ஸ்லிப்பு, மெடிக்கல், எல்லாம். கோர்ட்டுல ஜட்ஜ் ஆர்டர் போட்ட அன்னைக்கு (இப்ப 2022 செப்டம்பர்லருந்து கலெக்டரே போடுறாரு, கோர்ட்டு இல்ல) என் பேரு அப்பான்னு போட்ட பேப்பர கையில வாங்குனேன். பிள்ள மடியில தூங்குது, ஒரு வயசு, அவ எனக்கு ஒண்ணுமே செஞ்சு காட்டல, என்னைய அவ தெரிஞ்செடுக்கவும் இல்ல. அன்னைக்கு ராத்திரி ரோமர் 8 வாசிச்சேன். அதுவரைக்கும் சுவிகாரம்னா ரெண்டாந்தரம்னு எனக்குள்ளயே ஒரு நெனப்பு இருந்துருக்கு போல, சொந்தப் பிள்ள இயேசு, நாமெல்லாம் ஏதோ ஒட்டுனதுனு. ஆனா ரோமருக்கு அத எழுதுன நேரம் அங்க ராஜா நீரோ, கிளாடியஸ் ராஜாவோட தத்துப் பிள்ள. ராஜ்யத்தயே வாங்குனது தத்துப் பிள்ளதான். வாசிச்சவங்களுக்கு ரெண்டாந்தரம்னு தோணியிருக்காது.

உங்க கேள்விக்கு வர்றேன். நாலு வயசு வரைக்கும் அவ என்னைய அப்பான்னு கூப்பிடல. அங்கிள்னு கூட இல்ல, சட்டைய இழுப்பா. நாங்க சொல்லிக் குடுத்து திணிக்கல. ஒருநாள் மாடிப்படியில வழுக்கி விழும்போது கத்துனா பாருங்க அந்த வார்த்தய. பவுலும் கூப்பிடப்பண்ணுகிறனுதான் எழுதிருக்காரு, கூப்பிட்டே ஆகணும்னு இல்ல. அது வரும் பிரதர். நீங்க கூப்பிடாத நாள்லயும் ஆர்டர் ஆர்டர்தான்.

–

புது அப்பா:

எனக்கு பிள்ள பொறந்து ஆறு வாரம், இத ராத்திரி மூணு மணிக்கு படிச்சுட்டு இருக்கேன் ஒரு கையில பாட்டில். எங்க மாமியார் நான் டயப்பர் மாத்துறதப் பாத்து ஆம்பளப் பிள்ள இதெல்லாம் செய்யலாமானு கேக்குறாங்க. எங்க லூத்தரன் சபை பாஸ்டர் ஒண்ணு சொன்னாரு, 1522-லயே மார்ட்டின் லூத்தர் எழுதிருக்காராம், அப்பங்காரன் விசுவாசத்தோட பிள்ள பீத்துணி அலசும்போது ஊரு சிரிக்கும், ஆனா தேவனும் தூதர்களும் சந்தோசத்துல சிரிக்கிறாங்கனு. அத எழுதும்போது அவருக்கு கல்யாணமே ஆகல, மூணு வருசம் கழிச்சுத்தான் கட்டுனாரு 😄 அப்புறம் ஆறு பிள்ளைங்க பொறந்து, அதுல மக்தலேனா பதிமூணு வயசுல அவரு கையிலயே இறந்து போச்சாம். அதக் கேட்டதும் நான் பாஸ்டர் மேல கோவப்பட்டேன், ஏன் இத எங்கிட்ட சொன்னீங்கனு. தூங்குற பிள்ளைய எழுப்பி மூச்சு வருதானு பாத்தேன்.

–

பாளை சாம்:

புது அப்பா, பிள்ளய எழுப்பாதீரும்வே. தத்து அப்பா அண்ணே, நீங்க எழுதுனத வீட்டம்மாவுக்கு அனுப்பிருக்கேன். நாங்க பதினோரு வருசமா காத்திருக்கோம். உங்களுக்கு உள்பெட்டியில ஒரு மெசேஜ் போட்டுருக்கேன், முடிஞ்சா பாருங்க.

–

தத்து அப்பா:

பாத்தேன் சாம். நாளைக்கு சாயங்காலம் போன்ல பேசுவோம். வயசு கணக்கு ஒண்ணு இருக்கு, சீக்கிரம் பதிவு பண்றது நல்லது.

–

தேரிக்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதணும்னு நெனச்சேன், முடியல. சாம், மன்னிப்பெல்லாம் எதுக்கு, பதநீ எறக்குறது கேவலமா என்ன, எங்க தாத்தா எறக்குனதுதான். நீங்க பொறாமப்பட்டேன்னு எழுதுனத படிச்சுட்டு ரெண்டு நாள் சரியா தூங்கல.

பையன்கிட்ட பேசினேன். வண்டியில பின்னால உக்காந்திருந்தான், மூஞ்சிய பாக்காம பேசுறது எனக்கு வசதி. அப்பா கத்துறது தப்புடா, சாரினேன். அவன் கொஞ்ச தூரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் “நேத்து கத்துனதுக்கா, எல்லாத்துக்குமா?”ன்னான். எல்லாத்துக்கும்னேன். “சரி, ஆனா ரெட் சிக்னல்ல நின்னுருக்கோம், பச்ச போட்டுட்டான் பாரு”ன்னான். பின்னாடி ஹார்ன்.

அப்புறம் இன்னொண்ணு. ஜோ அவரு அப்பா ஹாஸ்டல் கேட் பக்கத்துல நின்னத எழுதினது மண்டையிலயே ஓடிட்டு இருந்துச்சு. ஊருக்கு போன் போட்டேன். அப்பாதான் எடுத்தாரு. எப்பவும் போல “இந்தா, அம்மாட்ட பேசு”ன்னு குடுக்கப் போனாரு. இல்லப்பா, உங்ககிட்டதான் பேசணும்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல, டிவியில செய்தி ஓடுறது மட்டும் கேக்குது. அப்புறம் கேட்டாரு, “ஏம்ல, பணம் எதும் வேணுமா?”

–

மூத்த குமாரத்தி:

ஐயோ. நீங்க என்ன சொன்னீங்க?

–

தேரிக்காட்டான்:

வேண்டாம்பா, சும்மாதான்னேன். சும்மாவான்னாரு. அப்புறம் கெணத்துல தண்ணி எறங்கிருச்சு, முருங்கையில கம்பளிப்பூச்சி, சபைக்கு புது ஐயர் வந்துருக்காருனு ஒவ்வொண்ணா சொன்னாரு. விளாறு பத்தி நான் கேக்கல, அவரும் எடுக்கல. வச்ச பெறகு கால் லாக் பாத்தேன், பதினோரு நிமிசம்.

ஜெபத்துல இன்னும் வரல. சொல்றேன் வந்தா.

–

யாழ் பெடியன்:

பதினொரு நிமிசம் எண்டா சும்மாவா அண்ணை.